ஒருங்கிணைந்த களஞ்சியத்திலிருந்து கியூட் 6.8: எடைமேடைப் பலகைக்காக எதைத் தொகுப்பது, எங்கே தொகுப்பது?

மெலிந்தாங் மைந்தன் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். ஊத்தான் மெலிந்தாங்கிலிருந்து எழுதுகிறேன். எங்கள் ஊரைச் சுற்றிலும் செம்பனைத் தோட்டங்கள்தான். சிறுதோட்டக்காரர்கள் லோரியில் கொண்டுவரும் குலைகளை எடைபோட்டு வாங்கி ஆலைக்கு அனுப்பும் நிலையம் ஒன்றுக்காக நானும் என் நண்பரும் ஒரு செயலி எழுதி வருகிறோம். எடைமேடையின் காட்டியிலிருந்து சீரியல் கம்பி வழியாக வரும் எடையைப் படித்து, தோட்டக்காரரின் பெயரோடும் லோரி எண்ணோடும் சேர்த்துப் பதிந்து, சீட்டு அச்சிட்டுக் கொடுப்பதுதான் அதன் வேலை. எடைபோடுபவரும் லோரி ஓட்டுபவர்களில் பெரும்பாலோரும் தமிழ் படிப்பவர்கள் என்பதால் திரையில் எல்லாம் தமிழில் இருக்க வேண்டும் என்று நிலையத்தார் கேட்டுக்கொண்டார்கள்.

செயலி மூன்று இடங்களில் ஓட வேண்டும்: அலுவலகக் கிராணியின் விண்டோஸ் கணினி, தோட்டக்காரர்களின் ஆண்ட்ராய்டு கைப்பேசி, எடைமேடை அறையின் சுவரில் பொருத்திய தொடுதிரைப் பலகை. ஒரே மூலநிரல் மூன்றுக்கும் போதும் என்பதால்தான் கியூட் (Qt) என்ற மென்பொருள் சட்டகத்தைத் தேர்ந்தெடுத்தோம். திரைகள் அனைத்தும் அதன் திரை வடிவமைப்பு மொழியான க்யூஎம்எல்லில் எழுதப்பட்டவை. விண்டோஸிலும் ஆண்ட்ராய்டிலும் அதிகாரபூர்வ நிறுவியோடு வரும் 6.8 பதிப்பு ஒரு குறையுமின்றி ஓடுகிறது.

சிக்கல் பலகையில்தான் இருக்கிறது. அது 32 பிட் ஏஆர்எம் பலகை. விற்றவர்கள் கொடுத்த டெபியன் 11 பிம்பத்தில் மட்டுமே அதன் தொடுதிரை வேலை செய்கிறது. டெபியன் 13 இல் கியூட் 6.8.2 ஆயத்தப் பொதியாகவே கிடைக்கிறது என்பது எனக்குத் தெரியும். ஆனால் பலகையில் டெபியன் 13 க்கு மாறினால் திரை எழுவதே இல்லை. எனவே மூலநிரலிலிருந்து தொகுப்பதைத் தவிர வேறு வழி தென்படவில்லை.

கியூட்டின் எல்லாப் பகுதிகளையும் ஒன்றாக இணைத்து வைத்திருக்கும் பெருங்களஞ்சியத்தைக் கைப்பேசி இணைப்பின் வழியாக இறக்கத் தொடங்கினேன். வெப்எஞ்சின் என்ற பகுதியை எட்டியதும் அது முடிவில்லாமல் இழுத்துக்கொண்டே போனது. இடையில் மழையும் இடியும் வந்து மின்சாரம் போய்விட்டது. பிறகு அடிப்படைப் பகுதியை மட்டும் எடுத்து, உபுண்டு 22.04 ஓடும் என் மடிக்கணினியில் ஏஆர்எம் கம்பைலரைக் கொண்டு தொகுத்தபோது, 8 ஜிகாபைட் நினைவகம் போதாமல் கம்பைலர் பாதியில் கொல்லப்பட்டது. மறுபடி ஓட்டி ஒருவாறு முடித்துப் பலகையில் ஏற்றினால், ஜிலிப்சி (லினக்ஸ் நிரல்கள் நம்பி இருக்கும் அடிப்படைச் சி நூலகம்) 2.34 கிடைக்கவில்லை என்ற ஒற்றை வரியோடு நிரல் நின்றுவிடுகிறது.

பெருங்களஞ்சியம் முழுவதும் எனக்குத் தேவைதானா? தொகுப்பை எந்தக் கணினியில் செய்வது முறை? நூலகங்களைச் செயலிக்குள்ளேயே சேர்த்துவிடும் நிலையான இணைப்பில் எல்லாவற்றையும் ஒரே கோப்பாக்கிப் பலகையில் போட்டுவிட்டால் இந்தத் தொல்லைகள் தீருமா? அனுபவம் உள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

கிள்ளான் நிரலர் எழுதியது:

வணக்கம் தம்பி. விண்டோஸுக்கும் ஆண்ட்ராய்டுக்கும் ஆயத்தப் பதிப்பையே வைத்துக்கொண்டது நல்ல முடிவு. மூலநிரலிலிருந்து தொகுக்க வேண்டிய இலக்கு பலகை ஒன்றுதான் என்றால் வேலையில் பெரும்பகுதி இப்போதே குறைந்துவிட்டது.

பெருங்களஞ்சியத்தைப் பற்றி முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். ஆறாம் தலைமுறை வந்த பிறகும் அதற்குக் கியூட்5 என்ற பழைய பெயரே நீடிக்கிறது என்பதால் தவறான இடத்துக்கு வந்துவிட்டோமோ என்று பலர் திரும்பிப் போய்விடுவதுண்டு. அதுதான் சரியான இடம். பார்ப்பதற்கு ஒரே களஞ்சியமாகத் தோன்றினாலும் அதற்குள் சட்டகத்தின் நிரல் ஏறக்குறைய எதுவும் இல்லை. கியூட்பேஸ், கியூட்டிக்ளரேட்டிவ், கியூட்சீரியல்போர்ட் என்று தனித்தனியாக வாழும் துணைக் களஞ்சியங்களின் பட்டியலும், அவற்றில் ஒவ்வொன்றிலும் எந்தக் கமிட்டை, அதாவது மூலநிரலின் பதிவான எந்த நிலையை, எடுக்க வேண்டும் என்ற குறிப்புமே அதில் உள்ளன. அதன் மதிப்பும் அந்தக் குறிப்பில்தான் இருக்கிறது. கியூட்டிக்ளரேட்டிவ் பகுதி கியூட்பேஸின் வெளிப்படையான இடைமுகத்தோடு நிற்காமல் அதன் அந்தரங்கத் தலைப்புக் கோப்புகளையும் பயன்படுத்துகிறது. ஆகவே ஒன்றில் 6.8 கிளையையும் மற்றொன்றில் வளர்ச்சியில் இருக்கும் டெவ் கிளையையும் எடுத்துக்கொண்டு தொகுத்தால் அது எங்கோ நடுவில் முறியும். எங்கே முறியும் என்று முன்கூட்டிச் சொல்லவும் முடியாது. ஒன்றோடொன்று சோதிக்கப்பட்ட கமிட்டுகளின் சேர்க்கையை உங்கள் கையில் தருவதுதான் பெருங்களஞ்சியத்தின் வேலை.

கிட்மாட்யூல்ஸ் கோப்பைத் திறந்து பாருங்கள். ஒவ்வொரு பகுதிக்கும் அது எதைக் கட்டாயமாகச் சார்ந்திருக்கிறது, எது இருந்தால் நல்லது, அடிப்படைப் பகுதியா கூடுதல் பகுதியா என்பவை தனித்தனி வரிகளில் எழுதப்பட்டிருக்கும். கியூட்சீரியல்போர்ட்டின் கீழே கியூட்பேஸ் மட்டுமே சார்பாக இருக்கும். கியூட்டிக்ளரேட்டிவின் கீழே கட்டாயச் சார்பு கியூட்பேஸ்தான். ஆனால் பரிந்துரைக்கப்பட்டவற்றின் வரியில் கியூட்ஷேடர்டூல்ஸ் இருக்கும். பரிந்துரைதானே என்று அதை விட்டுவிடாதீர்கள். அது இல்லாவிட்டால் க்யூஎம்எல் மொழி தொகுக்கப்படும், திரையை வரையும் கியூட் குவிக் பகுதி சேராமல் போய்விடும். கடைசியில் உங்கள் செயலியைத் தொகுக்கும்போதுதான் அது இல்லை என்று தெரியவரும். உங்கள் பட்டியல், என் கணிப்பில், கியூட்பேஸ், கியூட்ஷேடர்டூல்ஸ், கியூட்டிக்ளரேட்டிவ், கியூட்சீரியல்போர்ட். திரையில் எஸ்விஜி படங்கள் இருந்தால் கியூட்எஸ்விஜியும் வேண்டும். இவ்வளவுதான்.

உங்களை இழுத்தடித்த வெப்எஞ்சின் குரோமியம் உலாவியின் மூலநிரலைத் தனக்குள் மற்றொரு துணைக் களஞ்சியமாக வைத்திருக்கிறது. எடைச்சீட்டு அச்சிடும் செயலிக்கு உலாவி எதற்கு? களஞ்சியத்தைத் தயார்செய்யும் இனிட்-ரெப்பாசிட்டரி கட்டளைக்கு மாட்யூல் சப்செட் என்ற விருப்பம் உண்டு. அதில் உங்களுக்கு வேண்டிய பகுதிகளின் பெயரை மட்டும் எழுதலாம். அல்லது இயல்பான தொகுதியை எழுதி வெப்எஞ்சினின் பெயருக்கு முன்னால் கழித்தல் குறி இடலாம். பெருங்களஞ்சியத்தில் முதலில் உரிய பதிப்பின் குறிச்சொல்லுக்கு மாறிவிட்டு அதன் பிறகே இக்கட்டளையை ஓட்ட வேண்டும்.

உங்கள் இணைய இணைப்பின் நிலையைப் பார்த்தால், கிட் என்ற பதிப்புக் கருவியால் களஞ்சியத்தை இறக்கும் வழியையே நான் பரிந்துரைக்க மாட்டேன். கியூட்டின் பதிவிறக்கத் தளத்தில் ஒவ்வொரு வெளியீட்டின் கீழும் எல்லாப் பகுதிகளும் சேர்ந்த பெரிய மூலநிரல் கோப்பு ஒன்று இருக்கும். அதன் பக்கத்திலேயே சப்மாட்யூல்ஸ் என்ற அடைவில் ஒவ்வொரு பகுதியும் தனிக் கோப்பாக இருக்கும். நான்கைந்து சிறு கோப்புகளை இறக்கினால் போதும். வரலாறு எதுவும் கூடவே வராது. ஒரே பதிப்பெண் உள்ள கோப்புகளை எடுக்கும்வரை, பெருங்களஞ்சியம் தரும் அதே பொருத்தம் இங்கேயும் கிடைக்கும். இணைப்பு அறுந்தாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம், கிட் அதைச் செய்யாது.

தொகுக்கும் முறை இப்படி. மூலநிரல் அடைவுக்கு வெளியே தனி அடைவு ஒன்றை உருவாக்கி, அங்கிருந்து கியூட்பேஸின் கான்ஃபிகர் கட்டளையை ஓட்டுங்கள். அது முடிந்து நிறுவப்பட்ட பிறகு மற்றப் பகுதிகளுக்கு, நிறுவிய இடத்தின் பின் அடைவில் இருக்கும் கியூட்-கான்ஃபிகர்-மாட்யூல் என்ற கட்டளையைப் பயன்படுத்த வேண்டும். ஷேடர்டூல்ஸ் முன்னாலும் டிக்ளரேட்டிவ் பின்னாலும் வர வேண்டும் என்பதைத் தவிர வரிசையில் பெரிய நுணுக்கம் இல்லை. பலகைக்கான தொகுப்பு குறுக்குத் தொகுப்பு, அதாவது ஒரு வகைக் கணினியில் இருந்தபடி வேறு வகைக்காகத் தொகுப்பது என்பதால், அதே பதிப்பில் உங்கள் கணினிக்கான கியூட் ஒன்றும் இருந்தாக வேண்டும். மோக், ஆர்சிசி போன்ற கருவிகள் தொகுக்கும் கணினியிலேயே ஓட வேண்டியவை. பலகைக்காகத் தொகுத்த கருவியை மடிக்கணினியால் ஓட்ட முடியாது. அந்தக் கணினிக் கியூட்டின் இருப்பிடத்தை ஹோஸ்ட் பாத் விருப்பத்தில் கொடுப்பீர்கள். அதற்கு நிறுவியோடு வரும் லினக்ஸ் பதிப்பே போதும். ஆனால் நிறுவியில் ஷேடர் டூல்ஸ் கூடுதல் நூலகங்களின் கீழே இருக்கிறது, தானாக வராது, குறியிட்டு எடுக்க வேண்டும்.

நினைவகச் சிக்கலுக்கு எளிய வழி உண்டு. தொகுப்பை நடத்தும் கருவியான நிஞ்சாவைத் தன்போக்கில் விட்டால் செயலகக் கருக்களின் எண்ணிக்கையைவிடச் சற்றுக் கூடுதலாகவே கம்பைலர்களை ஒரே நேரத்தில் ஓட்டும். 8 ஜிகாபைட்டில் அது தாங்காது. இணைவேலைகளின் எண்ணிக்கையை இரண்டு அல்லது மூன்று என்று கட்டளையிலேயே கட்டுப்படுத்துங்கள். பிழைதேடும் பதிப்பு வேண்டாம், வெளியீட்டுப் பதிப்பாகவே கான்ஃபிகர் செய்யுங்கள். இணைப்புக் கட்டத்தில் அதற்கு நினைவகம் வெகுவாகக் குறைவு. மெதுவாக நடந்தாலும் நடந்து முடியும்.

தாப்பா ரோடு எழுதியது:

நிரலர் அண்ணன் சொன்னதில் ஏறக்குறைய எல்லாவற்றையும் ஏற்கிறேன். ஜிலிப்சி பிழையைப் பற்றி அவர் எழுதவில்லை, அதுதான் இங்கே முக்கியமானது. கணினிக் கியூட்டைப் பற்றி அவர் சொன்னதிலும் எனக்குச் சிறு மாறுபாடு உண்டு.

டெபியன் 11 இல் இருப்பது ஜிலிப்சி 2.31. உபுண்டு 22.04 இல் இருப்பது 2.35. உபுண்டுவின் குறுக்குக் கம்பைலர் தன்னோடு வந்த ஏஆர்எம் நூலகங்களோடு உங்கள் நிரலை இணைக்கிறது. 2.34 இல் ஜிலிப்சியின் அமைப்பே மாறி, திரிகளுக்கான நூலகம் முதன்மை நூலகத்துக்குள் சேர்க்கப்பட்டது. நிரலின் தொடக்கச் செயற்கூறுக்கும் அந்தப் பதிப்பின் முத்திரை வந்தது. அதனால் ஒன்றுமே செய்யாத வெற்று நிரலைக்கூட அந்தக் கம்பைலரால் தொகுத்தால் பழைய அமைப்பில் ஓடாது. இதற்கும் கியூட்டுக்கும் தொடர்பில்லை. நீங்கள் தொகுத்த கோப்பின் மேல் ரீடெல்ஃப் கருவியை ஓட்டிப் பதிப்புத் தேவைகளைப் பாருங்கள், 2.34 என்ற வரி அங்கே நிற்கும்.

இதற்குச் சரியான தீர்வு, பலகையில் இருக்கும் அமைப்பின் வயதையொத்த கம்பைலரைப் பயன்படுத்துவது. மடிக்கணினியில் இருப்பதை அழிக்க வேண்டியதில்லை. டாக்கர் அல்லது பாட்மேன் வழியாக டெபியன் 11 பெட்டகம் (மடிக்கணினிக்குள் தனித்து ஓடும் சூழல்) ஒன்றை எழுப்பி, அதற்குள் ஏஆர்எம் குறுக்குக் கம்பைலரை நிறுவிக்கொள்ளுங்கள். அங்கே கிடைக்கும் ஜிசிசி 10 கியூட் கேட்கும் சி++17 ஐ நன்றாகவே புரிந்துகொள்ளும். தொகுப்பை ஒழுங்குபடுத்தும் கருவியான சிமேக் 3.18 கிடைக்கும், நூலகங்கள் தனிக் கோப்புகளாக நிற்கும் இயங்குநேர இணைப்பில் 6.8 ஐத் தொகுக்க 3.16 இருந்தாலே போதும்.

பெட்டகத்துக்குள் நுழைந்துவிட்ட பிறகு, நிறுவியோடு வரும் லினக்ஸ் கியூட் அந்தப் பழைய அமைப்பிலும் ஓடும் என்று நம்பி இறங்க வேண்டாம் என்பதே என் கருத்து. அதே ஜிலிப்சிச் சிக்கல் இம்முறை கருவிகளின் பக்கத்தில் முளைக்கலாம். மூலநிரல் ஏற்கெனவே கையில் இருக்கிறது. கியூட்பேஸ், ஷேடர்டூல்ஸ், டிக்ளரேட்டிவ் மூன்றையும் பெட்டகத்துக்குள்ளேயே கணினிக்காக ஒரு முறை தொகுத்துக்கொண்டால், பிறகு பலகைக்கான தொகுப்பு எத்தனை முறை மாறினாலும் அது அப்படியே இருக்கும். நேரம் கூடுதலாகும் என்பது உண்மைதான். ஆனால் இரவில் ஓடவிட்டுத் தூங்கப் போகலாம், நள்ளிரவில் கருவி ஓடாத காரணத்தைத் தேடிக்கொண்டிருக்க வேண்டாம்.

அடுத்தது சிஸ்ரூட், அதாவது பலகையின் கோப்பமைப்பின் படி. பலகையின் லிப், யூஎஸ்ஆர் அடைவுகளின் படியை ஆர்சிங்க் மூலம் மடிக்கணினிக்குக் கொண்டுவந்து, அதைச் சிமேக்கின் கருவித்தொடர்க் கோப்பில் சுட்டிக்காட்ட வேண்டும். அதற்கு முன் பலகையில் தேவையான டெவ் பொதிகளை நிறுவிவிடுங்கள். படியெடுத்த பிறகு பலரும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. பலகையில் சில நூலகங்கள் வேரிலிருந்து தொடங்கும் முழுப்பாதைச் சுட்டிகளாக இருக்கும். படியில் அதே சுட்டி உங்கள் மடிக்கணினியின் வேரைக் காட்டும். அங்கே அந்த நூலகம் இருக்காது, அல்லது அதைவிட மோசமாக, வேறு கட்டமைப்பின் நூலகம் அதே பெயரில் இருக்கும். அவற்றை எல்லாம் சார்புப் பாதைகளாக மாற்றிவிட்டே கான்ஃபிகரைத் தொடங்குங்கள்.

கான்ஃபிகர் முடிந்தவுடன் தொகுக்கக் கை பரபரக்கும். கொஞ்சம் பொறுத்து, அது எழுதி வைக்கும் சுருக்கத்தைப் படியுங்கள். க்யூபிஏ பின்தளங்கள் (கியூட் திரையோடு பேசும் வழிகள்) என்ற பத்தியில் லினக்ஸ்எஃப்பி, ஈஜிஎல்எஃப்எஸ், எக்ஸ்சிபி என்ற வரிகளும் அவற்றுக்கு எதிரே ஆம் அல்லது இல்லை என்பதும் இருக்கும். பலகையில் எக்ஸ் என்ற சாளர அமைப்பு இல்லாமல் நேரடியாகத் திரையில் வரையப் போகிறீர்கள் என்று நினைக்கிறேன். அப்படியானால் முதல் இரண்டில் ஒன்றாவது ஆம் என்று இருக்க வேண்டும். வரைகலைச் செயலிக்கு ஒழுங்கான இயக்கி இல்லாவிட்டால் ஈஜிஎல்எஃப்எஸ் பக்கம் போகாதீர்கள். லினக்ஸ்எஃப்பியோடு கியூட் குவிக்கின் மென்பொருள் வரைவைச் சூழல் மாறி மூலம் தேர்ந்தெடுக்கலாம். ஷேடர் விளைவுகள் தெரியாது, நிழலும் துகளும் போய்விடும். எடையும் பெயரும் பொத்தானும் காட்ட அது தாராளம். கான்ஃபிகரை மாற்றி மறுபடி ஓட்டும்போது பழைய சிமேக் தேக்ககக் கோப்பை நீக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் பழைய 'இல்லை' அப்படியே நிலைத்துவிடும்.

பத்து காஜா வாசகி எழுதியது:

நிலையான இணைப்பைப் பற்றிய கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை என்பதால் எழுதுகிறேன். தொழில்நுட்பத்தில் முடியும், ஆனால் இந்த இடத்தில் நான் அதைச் செய்ய மாட்டேன். ஒரே கோப்பாக்கினாலும் ஜிலிப்சி வெளியிலிருந்துதான் வரும். கியூட்டை நிலையாக இணைப்பது அதை மாற்றாது. ஆகவே உங்கள் பிழை அப்படியே இருக்கும். 6.8 ஐ நிலையாகத் தொகுத்துப் பயன்படுத்தச் சிமேக் 3.21 வேண்டும், அது டெபியன் 11 இல் இல்லை.

உரிமமும் இருக்கிறது. பணம் கொடுக்காமல் எடுக்கும் கியூட்டின் பெரும்பாலான பகுதிகள் எல்ஜிபிஎல் 3 இன் கீழ் வருகின்றன. இயங்குநேர இணைப்பில் நூலகத்தைத் தனிக் கோப்பாகக் கொடுத்து, அதன் மூலநிரலையும் கிடைக்கச் செய்து, உரிம அறிவிப்பை வைத்துவிட்டால் உங்கள் சொந்த நிரலை மூடியே வைத்துக்கொள்ளலாம். நிலையாக இணைத்தால், பெறுபவர் திருத்திய கியூட்டோடு உங்கள் செயலியை மறுபடி இணைத்துக்கொள்ள வழி செய்துகொடுக்கும் பொறுப்பு உங்கள் தலையில் விழும். சிறிய நிலையம்தானே என்று இதைத் தள்ளிவைக்கக் கூடாது, நாளை ஆலைக்காரர்கள் இதையே விலைக்குக் கேட்டால் முதல் கேள்வி இதுவாகத்தான் இருக்கும். இன்னொன்று, தொடுதிரை என்றதும் மெய்நிகர் விசைப்பலகைப் பகுதியைச் சேர்க்கத் தோன்றும். மாதக் கணக்குக்கு வரைபடம் போடக் கியூட் சார்ட்ஸைச் சேர்க்கத் தோன்றும். இரண்டும் எல்ஜிபிஎல்லின் கீழ் இல்லை. ஜிபிஎல் 3 அல்லது வணிக உரிமம், இரண்டில் ஒன்று. சீரியல்போர்ட்டில் அந்தச் சிக்கல் இல்லை.

மெலிந்தாங் மைந்தன் எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. டெபியன் 11 பெட்டகத்துக்குள் கணினிக்கும் பலகைக்கும் தனித்தனியாகத் தொகுத்துவிட்டேன். தனிக் கோப்புகளாக இறக்கியதால் இணைப்பு ஒரு தடையாகவே இல்லை. இயங்குநேர இணைப்பையே வைத்துக்கொள்கிறோம். பலகையில் செயலி எழுந்துவிட்டது, எடையும் வருகிறது. சீரியல் வாயிலைத் திறக்க அனுமதி இல்லை என்று முதலில் மறுத்தது, பயனரை டயல்அவுட் குழுவில் சேர்த்ததும் சரியாகிவிட்டது.

இப்போது மூன்று விஷயங்கள் எஞ்சி இருக்கின்றன. எண்கள் எல்லாம் தெரிகின்றன, தமிழ் எழுத்து வர வேண்டிய இடத்தில் வெறும் கட்டங்கள் நிற்கின்றன. விண்டோஸில் இதே திரை சரியாகத் தெரிகிறது. அடுத்து, பலகையைச் சுவரில் தலைகீழாகப் பொருத்த வேண்டியிருந்ததால் படத்தைக் க்யூஎம்எல்லில் திருப்பிவிட்டோம். ஆனால் தொடும் இடம் எதிர்ப்பக்கமாக உணரப்படுகிறது. இதற்காகக் கியூட்பேஸின் தொடுதிரைச் செருகுநிரலில் சில வரிகளை மாற்றி வைத்துக்கொள்ளலாமா என்று நண்பர் கேட்கிறார். கடைசியாக, மாற்றுவதென்றால் கிட் களஞ்சியமாகவே வைத்துக்கொள்வது நல்லது என்று தோன்றுகிறது. ஆனால் நண்பரின் கணினிக்கும் என் கணினிக்கும் தனித்தனியாக இறக்க எங்கள் இணைப்பு இடங்கொடுக்காது.

ஈப்போ எழுத்துரு எழுதியது:

கட்டத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். கட்டம் தெரிவதும் எழுத்து உடைந்து தெரிவதும் வேறு வேறு நோய்கள், மருந்தும் வேறு. 'கொ' என்பது நினைவகத்தில் 'க' முதலிலும் ஒகரக் குறி அடுத்தும் என இரண்டு குறியெண்களாகத்தான் இருக்கிறது. அதன் கொம்பை முன்னால் கொண்டுவந்து, காலைப் பின்னால் நிறுத்துவது ஹார்ஃப்பஸ் நூலகத்தின் வேலை. அந்த நூலகம் தொகுப்பில் விடுபட்டிருந்தால் எழுத்துகள் தெரியும், ஆனால் கொம்பும் காலும் இடம் மாறிச் சிதறி நிற்கும். உங்களுக்குத் தெரிவது கட்டம் என்றால் வடிவமைப்பில் குறை இல்லை, தமிழ் எழுத்துருவே அங்கு இல்லை. இருந்தாலும் கான்ஃபிகர் சுருக்கத்தில் ஹார்ஃப்பஸ், ஃப்ரீடைப் இரண்டுக்கும் எதிரே ஆம் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். கியூட்பேஸ் தன்னுடனேயே அவற்றின் படியை வைத்திருக்கிறது. அதையே பயன்படுத்தச் சொல்லும் விருப்பமும் உண்டு.

கியூட் இப்போது எழுத்துருக்களைத் தன்னோடு கொடுப்பதில்லை. எழுத்துருக்களைத் தேடித்தரும் ஃபாண்ட்கான்ஃபிக் நூலகம் இல்லாமல் தொகுத்திருந்தால், நிறுவிய இடத்தின் லிப் அடைவுக்குள் ஃபாண்ட்ஸ் என்ற அடைவைத் தேடும். செயலியைக் கட்டளை வரியிலிருந்து ஓட்டினால், அந்த அடைவு கிடைக்கவில்லை என்று அதுவே சொல்லிவிடும். நோட்டோ சான்ஸ் தமிழ் கோப்பை அங்கே வைத்தால் கட்டங்கள் மறையும். நான் செய்வது வேறு: எழுத்துருவைச் செயலியின் வளக் கோப்பிலேயே சேர்த்து, தொடக்கத்தில் எழுத்துருத் தரவுத்தளத்தில் பதிந்து, செயலி முழுவதற்கும் அதையே இயல்பாக்கிவிடுவேன். விண்டோஸ், ஆண்ட்ராய்டு, பலகை மூன்றிலும் ஒரே எழுத்து, ஒரே அகலம். நீளமான தோட்டக்காரர் பெயர் ஒரு திரையில் அடங்கி மற்றொரு திரையில் வெட்டுப்படும் தொல்லை இருக்காது. நோட்டோவின் உரிமம் இப்படிச் சேர்த்துக் கொடுப்பதை அனுமதிக்கிறது. சீட்டில் மலாய் எழுத்தும் வேண்டும் என்றால் லத்தீன் எழுத்துகளுக்கான நோட்டோ சான்ஸையும் சேர்த்துவிடுங்கள்.

கிள்ளான் நிரலர் எழுதியது:

தொடுதிரையைத் திருப்புவதற்காகச் சட்டகத்தின் மேல் கைவைக்காதீர்கள். லினக்ஸின் உள்ளீட்டை நேரடியாகப் படிக்கும் ஈவ்டெவ் தொடுதிரைச் செருகுநிரல், கருவிக் கோப்பின் பெயருக்குப் பின்னால் ஒரு முக்காற்புள்ளி இட்டு எத்தனை பாகை திருப்ப வேண்டும் என்று சொன்னால் கேட்டுக்கொள்ளும். அதற்கென்று ஒரு சூழல் மாறி இருக்கிறது, உங்களுக்கு 180. லிப்இன்புட் நூலகத்தோடு தொகுத்திருந்தால் கியூட் அதற்கே முதலிடம் கொடுக்கும், ஈவ்டெவ் வழியைத் தேடாது. அப்படியானால் லினக்ஸ்எஃப்பியில் லிப்இன்புட்டை ஒதுக்கிவைக்கும் சூழல் மாறியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இரண்டையும் செயலியைத் தொடங்கும் சிஸ்டம்டி சேவைக் கோப்பில் எழுதிவிட்டால் போதும். கியூட்பேஸை ஒரு வரி மாற்றினாலும், அடுத்த திருத்த வெளியீடு ஒவ்வொன்றிலும் அந்த வரியைத் தூக்கிச் சுமக்க வேண்டியவர் நீங்கள்தான்.

மாற்றியே தீர வேண்டிய நாள் வந்தால், அல்லது திருத்தங்களைத் தொடர்ந்து பின்பற்ற வேண்டும் என்றால், அப்போது பெருங்களஞ்சியம் தன் பயனைக் காட்டும். கியூட்பேஸை மட்டும் கிட்டிலும் மற்றவற்றைக் கோப்பாகவும் கலந்து வைக்கலாம், ஆனால் கியூட்பேஸ் அதே பதிப்பின் குறிச்சொல்லில் நிற்கும்வரைதான் அது சரிவரும். குறிச்சொல்லைத் தாண்டி 6.8 கிளையின் நுனிக்குப் போனால், எது எதோடு பொருந்தும் என்பதைப் பெருங்களஞ்சியத்தின் குறிப்புக்கே விட்டுவிடுவது நல்லது. ஒவ்வொரு பகுதிக்குள்ளும் டிபென்டன்சீஸ் என்ற யாமல் கோப்பு ஒன்று இருக்கிறது. அந்தப் பகுதி எந்தக் கியூட்பேஸ் கமிட்டோடு சோதிக்கப்பட்டது என்பது அதில் எழுதப்பட்டிருக்கும். சந்தேகம் வந்தால் அதைத் திறந்து ஒப்பிட்டுப் பாருங்கள்.

இரண்டு கணினிகளுக்கும் தனித்தனியாக இறக்க வேண்டியதில்லை. ஈப்போவுக்கோ தெலுக் இந்தானுக்கோ போகும்போது நல்ல இணைப்பு உள்ள இடத்தில், வேண்டிய பகுதிகளை மட்டும் குறிப்பிட்டு ஒரே ஒரு முறை வெளிவட்டில் இறக்கிக்கொள்ளுங்கள். பிறகு ஒவ்வொரு கணினியிலும் இனிட்-ரெப்பாசிட்டரியை ஓட்டும்போது ஆல்டர்னேட்ஸ் என்ற விருப்பத்தில் அந்த வெளிவட்டுப் படியின் இருப்பிடத்தைக் கொடுங்கள். அங்கே இருக்கும் பொருள்களை இணையத்திலிருந்து மறுபடி கேட்காது. புதிதாக வந்த கமிட்டுகள் மட்டுமே இறங்கும். ஆனால் இப்படிச் செய்த களஞ்சியம் வெளிவட்டைத் தொடர்ந்து நம்பி இருக்கும், வட்டைக் கழற்றினால் கிட் திணறும். அதனால் காப்பி ஆப்ஜெக்ட்ஸ் என்ற விருப்பத்தையும் சேர்த்தே கொடுங்கள். அது எல்லாவற்றையும் உள்ளூருக்குப் படியெடுத்து அந்தத் தொடர்பை அறுத்துவிடும், நண்பர் வட்டை வீட்டுக்கு எடுத்துப் போகலாம்.

மெலிந்தாங் மைந்தன் எழுதியது:

சூழல் மாறியில் 180 கொடுத்ததும் தொடும் இடம் சரியாகிவிட்டது. லிப்இன்புட்டை ஒதுக்க வேண்டியும் இருந்தது. நோட்டோ எழுத்துருவை வளக் கோப்பில் சேர்த்துப் பதிந்தேன், பெயர்கள் எல்லாம் உடையாமல் வருகின்றன. ஆகவே கியூட்பேஸை மாற்றும் யோசனையை இப்போதைக்குக் கைவிட்டு, இறக்கிய மூலநிரல் கோப்புகளையும், கான்ஃபிகருக்குக் கொடுத்த விருப்பங்களை எழுதிய கட்டளைக் கோப்பையும், பெட்டகத்தின் வரையறையையும் எங்கள் செயலியின் களஞ்சியத்துக்குப் பக்கத்திலேயே சேமித்து வைத்திருக்கிறோம். அடுத்த திருத்த வெளியீடு வரும்போது அதே கட்டளைக் கோப்பில் பதிப்பெண்ணை மட்டும் மாற்றி ஓட்டிப் பார்த்துவிட்டு, முடிவை இங்கே எழுதுகிறேன்.